எஃப்எஸ்ஐ கூடினால் யாருக்கு லாபம்?

கேள்வி: கிரெடாய் போன்ற கட்டுமானச் சங்கத்தார் எஃப்எஸ்ஐயைக் கூட்டச் சொல்லி அரசிடம் கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன லாபம்?
- வாசகர், ஆவடி

பதில்: தளப்பரப்புக் குறியீடுதான் எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு பரப்புக்குக் கட்டலாம் என்ற கணக்கு. உங்களிடம் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இருக்கிறது, 2019 விதிகளுக்கு முன்னால் சென்னையில் பொதுவாக 1.5 மடங்கு, 3,600 சதுர அடிதான் கட்டலாம், இப்போது 2 மடங்கு, 4,800. நிலத்துக்குக் கொடுத்த விலை அதேதான், விற்கிற பரப்பு மட்டும் 1,200 கூடிவிட்டது. அதற்கு மேலும் வேண்டுமா? சாலை அகலமாக இருந்தால் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம்.

சரி, கேட்பதில் தப்பில்லை, ஊருக்குள் இடமில்லாவிட்டால் ஜனம் செங்கல்பட்டு தாண்டித்தான் போகும். ஆனால் கடைக் கட்டடங்களுக்குப் பார்க்கிங் விதியையும் தளர்த்துங்கள் என்று யாராவது ஆரம்பித்தால், அவரை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் உஸ்மான் சாலையில் வண்டி நிறுத்தச் சொல்லுங்கள்.