வண்ணாரப்பேட்டை வீட்டை மாணவர் விடுதியாக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. தரைத்தளம், மேலே இரண்டு மாடி. ஒவ்வொன்றும் 900 சதுர அடி. மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன, வீட்டுக்கு 14,000 ரூபாய் வாடகை. "10 லட்சம் செலவழித்து மாணவர் விடுதியாக்குங்கள். 24 கட்டில், சாப்பாட்டோடு கட்டிலுக்கு 7,000, மாதம் 1,68,000 கையில் நிற்கும்" என்கிறார் தரகர். செய்யலாமா? இல்லை, கடன் வாங்கி சூரப்பட்டு பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி மாணவர்களுக்கு விடலாமா?

பதில்: விடுதி வேண்டாம். ஃபிளாட்டும் இப்போதைக்கு வேண்டாம். இருக்கிற வீட்டில் சுவர் எதையும் இடிக்காமல், ஒரு தளத்தை மட்டும் கட்டில், மேசை போட்டு முதுநிலை மருத்துவ மாணவர்கள் நால்வருக்குச் சேர்த்து வாடகைக்கு விட்டுப் பாருங்கள்.

தரகர் சொல்லும் 1,68,000 எப்படி வருகிறது? 24 கட்டிலும் 12 மாதமும் நிறைந்திருந்தால்தான் வரும். மாணவர் விடுதியில் அப்படி ஒரு ஆண்டு அமையாது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். மூடியிருக்கும் மாதத்துக்கு வாடகை கேட்டால் அடுத்த ஆண்டு வேறு இடம் பார்ப்பார்கள். பத்து மாதம் 20 கட்டில், இரண்டு மாதம் 4 கட்டில் நிறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டில் ஒரு மாதம் நிறைவதை ஒன்று என்று எண்ணினால் ஆண்டுக்கு 208 கட்டில்-மாதம் வருகிறது. 7,000 வீதம் ஆண்டு வரவு 14,56,000. இனி செலவு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு கேஸையும் சேர்த்துத் தலைக்கு நாளைக்கு 100 ரூபாய் என்று சிக்கனமாகப் போட்டாலும் 6,24,000. வார்டன் 15,000, சமையல்காரர் 16,000, உதவிக்கும் துப்புரவுக்கும் ஓர் ஆள் 11,000, ஆகச் சம்பளம் ஆண்டுக்கு 5,04,000. கட்டில் காலியாக இருந்தாலும் இந்தச் சம்பளம் குறையாது. மின்சாரம் மாதம் 10,000. தண்ணீர், இணையம், பழுது எல்லாம் சேர்த்து 6,000. கழித்துப் பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் மிஞ்சுவது 1,36,000. குடும்பங்களிடமிருந்து இப்போது வருவது 5,04,000!

சாப்பாட்டோடு நடக்கும் சின்ன விடுதிகளில் லாபம் பார்ப்பவர்கள் அதே கட்டடத்தில் குடியிருந்து, குடும்பமே சமைத்து, குடும்பமே கணக்கும் பார்க்கிறவர்கள். அவர்கள் எடுப்பது தங்கள் உழைப்பின் கூலி, முதலீட்டின் வருமானம் அன்று. ஆள் வைத்து நடத்துவதென்றால் 60, 70 கட்டிலுக்குக் கீழே சமையலறை கட்டுப்படியாகாது.

சாப்பாடில்லாத விடுதி கொஞ்சம் பரவாயில்லை. கட்டிலுக்கு 4,800 வைத்தால் அதே 208க்கு 9,98,400 வரும். வார்டனுக்கும் துப்புரவுக்கும் மாதம் 21,000, மின்சாரம் 9,000, மற்றவை 6,000 போக 5,66,400 நிற்கும். குடும்ப வாடகையில் வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது கழித்தால் 4,70,000 என்று கொள்ளலாம். கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 96,000தான். போட்ட 10 லட்சம் திரும்பப் பத்தாண்டு ஆகும். அதற்குள் கட்டிலும் மெத்தையும் இரண்டு முறை மாறியிருக்கும்.

நாங்கள் சொல்லும் வழியில் ஒரு தளத்துக்கு நான்கு பேர், தலைக்கு 5,500, மாதம் 22,000. இது சரிவந்து மூன்று தளத்தையும் இப்படி விட்டால் 66,000. ஒரு மாதம் காலி போக ஆண்டுக்கு 7,26,000. மோட்டார் மின்சாரம், படிக்கட்டுத் துப்புரவு, பழுது என்று 60,000 கழித்தால் 6,66,000. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வர்ட்டருக்குத் தளத்துக்கு 1,20,000 ஆகும் என்றால் மொத்தச் செலவு 3,60,000. குடும்ப வாடகையைவிட ஆண்டுக்கு 1,96,000 கூடுதல் என்பதால் இரண்டே ஆண்டில் எடுத்துவிடலாம். இந்த வாடகைகளும் சம்பளங்களும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தெருவில் விசாரித்து எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள், வரிசை பெரும்பாலும் மாறாது.

இந்த நால்வர் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. வடசென்னையில் கல்லூரிக்குக் குறைவில்லை. தங்க இடம் தேடும் மாணவர்தான் குறைவு. தியாகராயர் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பிள்ளைகள். இல்லையென்றால் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிறவர்கள். பஸ் பாஸ் கையில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,800 கொடுத்துத் தங்க என்ன அவசியம்? 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதும் இப்படி வந்து போவதைக் கூட்டியிருக்கிறது. 'மெட்ரோ வந்தால் வாடகை ஏறும்' என்பது குடும்ப வீட்டுக்குச் சரி. மாணவர் வீட்டுக்கு அது இருபக்கமும் வெட்டும்: கல்லூரி வாசலில் தங்கியே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் போய்விடுகிறது, திருவொற்றியூரில் மலிவாக இடம் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடலாம்.

ஸ்டான்லி இதற்கு விதிவிலக்கு. எம்பிபிஎஸ் மட்டும் ஆண்டுக்கு 250 இடங்கள். பல மாவட்டப் பிள்ளைகள். ஆனால் இளநிலை மாணவர்களுக்குக் கல்லூரி விடுதி இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் வெளியே வரமாட்டார்கள். வெளியே வீடு தேடுவது முதுநிலை மாணவர்களும், திருமணமான ஹவுஸ் சர்ஜன்களும், செவிலியர்களும்தான். முதுநிலை மாணவர் வந்தால் மூன்றாண்டு இருப்பார், உதவித்தொகை வருகிறது, கோடை விடுமுறை கிடையாது. இராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லியோடு சேர்ந்ததுதான், அங்கே பணி பார்ப்பவர்களுக்கும் உங்கள் வீடு எட்டும் தூரம். இரவுப் பணி முடித்து வருபவர் கேட்பது மூன்றே விஷயம்: பகலில் தூங்க அமைதி, அறைக்குத் தனிப்பூட்டு, எந்நேரமும் திறக்கக் கேட் சாவி. இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த வாடிக்கையாளர் வரமாட்டார்.

ஒரே வளாகத்தை நம்புவதில் ஆபத்தும் உண்டு. பாரிமுனையில் நூற்றாண்டு கடந்து நின்ற சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. மாணவர்களை மட்டுமே நம்பி அறை விட்டால், இப்படி ஓர் ஆணை வந்தால் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் சுவரை இடிக்காதீர்கள் என்கிறோம். ஹாலை நான்காகத் தடுத்து, சமையலறையைக் கழிப்பறையாக்கிவிட்டால் திரும்பக் குடும்பத்துக்கு விட இன்னொரு ஐந்து லட்சம் வேண்டும்.

சட்டத்திலும் விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் நிறைய வேறுபாடு. பெண்களையோ 18 வயது நிறையாதவர்களையோ தங்கவைக்கும் விடுதிக்கு, தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014இன்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம். ஆண்கள் விடுதிதானே என்று இருந்துவிட முடியாது. முதலாண்டு சேரும் பையன்களில் பலருக்கு 17தான் ஆகியிருக்கும். உரிமம் இல்லாமல் நடத்தினால் சிறையும் அபராதமும் உண்டு. அதற்கு மேல் தீயணைப்புத் துறை, சுகாதாரச் சான்று, சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, 19 கிலோ வணிக சிலிண்டர். 2024 செப்டம்பரில் மதுரை மகளிர் விடுதி ஒன்றில் ஃபிரிட்ஜ் வெடித்து உயிர்கள் போன பிறகு இந்தச் சோதனைகள் இறுகிவிட்டன. உங்கள் வீட்டில் ஒரே குறுகிய படிக்கட்டுதான் இருக்கும் என்றால், 24 பேருக்குத் தீயணைப்புச் சான்று வாங்குவதே பெரும்பாடு.

தளத்தை வீடாக விடும்போது நால்வரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரே ஒப்பந்தம் போடுங்கள். ஒருவர் காலி செய்தாலும் முழு வாடகைக்கு மற்றவர்கள் பொறுப்பு என்று எழுதுங்கள். தனித்தனியாகக் கட்டில் கணக்கில் ரசீது கொடுத்தால் அது விடுதியாகவே பார்க்கப்படலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வரியிலும் ஆதாயம்தான்: வீட்டு வாடகை வருமானத்தில் 30 விழுக்காடு நிலையான கழிவு உண்டு, விடுதி வருமானம் வணிகமாகக் கருதப்பட்டால் அது போய்விடும். ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். தலைக்கு மாதம் 20,000க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்குபவர்களுக்கு 2024 ஜூலை 15 முதல் விலக்கு இருக்கிறது.

இனித் தண்ணீர். தரகர் இதைப் பேசியிருக்கவே மாட்டார். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கீசர் கம்பி ஓராண்டில் அடைபடும், வாஷிங் மெஷின் டிரம் வெள்ளை பூக்கும், குளித்த தலை பிசுபிசுக்கும். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே வீட்டைக் காலி செய்பவர்கள் உண்டு. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 24 பேருக்கு 3,240 லிட்டர். உங்கள் மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது அதற்குப் போதாவிட்டால் லாரிதான். 12 பேருக்கு 1,620 லிட்டர் போதும். மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வையுங்கள்: போர் தண்ணீர் கழிப்பறைத் தொட்டிக்கு மட்டும், மெட்ரோ தண்ணீர் குளியலுக்கும் சமையலறைக்கும். இரண்டு குழாயும் எங்கும் கலக்கக்கூடாது. பிளம்பர் 'அவசரத்துக்கு ஒரு வால்வு' போட்டுக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது ஒருநாள் திறந்தே கிடக்கும். பூச்சு வேலைக்கும் போர் தண்ணீர் கூடாது, உப்புப் பூத்துச் சுவர் உரியும்.

மின்சாரத்தில், தளத்துக்குத் தனி மீட்டர் இருக்கும்படியே விடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு இணைப்புக்கும் நிற்கும். பயன்பாடு 500ஐத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளுக்கே விலை கூடும் என்பதால் கட்டணத்தை வாடகையில் சேர்க்காமல் குடியிருப்பவர் தலையிலேயே விடுவது நல்லது. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. ஒயரைத் தனியாக இழுத்து, தளத்துக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும், அதைச் சோதித்துவிட்டே கீசர் மாட்டுங்கள். கட்டில் இரும்பில் வேண்டும், மரத்தில் மூட்டைப்பூச்சி ஏறினால் போகாது. கடற்காற்றுக்குப் பவுடர் கோட்டிங் இல்லாத இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது.

சூரப்பட்டு ஃபிளாட்டுக்கு வருவோம். அங்குள்ள பொறியியல் கல்லூரிக்கு நகரின் பல பக்கங்களிலிருந்தும் பேருந்து ஓடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் கல்லூரி விடுதியில் இல்லாதவர் எத்தனை பேர் என்று கேட்டறியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னையில் ஃபிளாட் வாடகை வாங்கிய விலையில் ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டைத் தாண்டுவது அரிது; வீட்டுக்கடன் வட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்க வேண்டியிருக்கும். மாணவர்களுக்கு விட ஃபிளாட் சங்கம் ஒப்புமா என்பது வேறு. புழல் ஏரிப் பக்கம் மனை காட்டினால், அது அந்த ஏரியின் (செங்குன்றம் ஏரி என்பதும் இதுதான்) நீர்ப்பிடிப்புப் பகுதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறதா என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) சர்வே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மாதவரம் பால்பண்ணையிலிருந்து புறப்படும் இரண்டாம் கட்ட மெட்ரோவைக் காட்டி விலை சொன்னால், அந்த ஏற்றம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது முழு வீட்டையும் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்த வந்தால், மூன்று குடும்ப வாடகைக்கு மேல் 25 விழுக்காடாவது கேளுங்கள். உரிமம் அவர் பெயரில் எடுத்த பிறகே சாவி. காலி செய்யும்போது பழைய அமைப்புக்குத் திருப்பித் தரவேண்டும். மின்சார, தண்ணீர்ப் பாக்கியை அட்வான்ஸிலிருந்து கழிக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதியாமல் விடாதீர்கள்.

முதலில் எந்தத் தளம் இயல்பாகக் காலியாகிறதோ அதை எடுங்கள், குடும்பத்தைக் கிளப்ப வேண்டாம். முதுநிலைக் கலந்தாய்வு தேதி ஆண்டுக்காண்டு மாறுகிறது. அறிவிப்பு வந்ததும் பழைய ஜெயில் ரோடு ஜெராக்ஸ் கடைகளிலும் மெஸ்களிலும் சீட்டு ஒட்டுங்கள். கலந்தாய்வு முடிந்து இரண்டு மாதத்துக்குள் நால்வர் சேரவில்லை என்றால் அந்தத் தளத்தையும் குடும்பத்துக்கே விட்டுவிட்டு, கட்டில்களை விற்றுவிடலாம்.