துலாகி கடல் விமானத் தளம்: கேள்வி பதில்

பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் துலாகித் தீவுக்குப் பக்கத்தில் கவூட்டு, தனம்போகோ என்று இரண்டு குட்டித் தீவுகள் இருக்கின்றன. 1942-இல் ஜப்பானியக் கடற்படை அங்கே ஒரு கடல் விமானத் தளம் வைத்திருந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: ஓடுபாதையே இல்லாத இடத்தில் எப்படித் தளம் அமைத்தார்கள்?

கடல் விமானத்துக்கு ஓடுபாதை தேவையில்லை, அலை அடங்கிய கடல் போதும். காட்டை வெட்டி நிலத்தைச் சமன்படுத்தும் வேலை மிச்சம். எரிபொருள் பீப்பாய்கள், குண்டுகள், ரேடியோ, மெக்கானிக்குகள் எல்லாம் கப்பலில் வந்து இறங்கிவிட்டால் தளம் தயார். மே 3 அன்று துலாகியைப் பிடித்தார்கள். மே 6 அன்றே அங்கிருந்து கிளம்பிய விமானம் ஒன்று பவளக் கடலில் அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் படையைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பியது. ஆனால் இடத்தை முதலில் தேர்ந்தெடுத்தவர்கள் ஜப்பானியர் அல்ல. அதற்கு முன்பே ஆஸ்திரேலிய விமானப்படையின் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன.

கேள்வி: அங்கே என்னென்ன விமானங்கள் இருந்தன?

இரண்டு வகை. ஒன்று கவானிஷி எச்6கே. இது பறக்கும் படகு, அதாவது விமானத்தின் உடலே படகு. நான்கு இன்ஜின், 40 மீட்டர் இறக்கை, ஒருமுறை கிளம்பினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிவரும். நேச நாடுகள் இதற்கு வைத்த பெயர் மேவிஸ். இன்னொன்று ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்தின் சக்கரங்களை எடுத்துவிட்டு, வயிற்றுக்கடியில் பெரிய மிதவையும் இறக்கைகளுக்கடியில் சின்ன மிதவைகளும் பொருத்திய மிதவை விமானம். மிதவைகளின் இழுவையால் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர் போலக் குறைந்தது.

கேள்வி: இவ்வளவு தூரம் வேவு பார்க்கும் விமானங்கள் இருந்தும், 1942 ஆகஸ்டில் இந்தத் தீவுகளைப் பிடிக்க அமெரிக்கக் கப்பல்கள் வந்தது எப்படித் தெரியாமல் போனது?

வானிலைதான் காரணம். படையெடுப்புக் கப்பல்கள் நெருங்கிய நாட்களில் மேகமும் மழையும் கடலை மூடியிருந்தன. ஆகஸ்ட் 7 விடியற்காலையில் வாஸ்ப் என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலின் போர் விமானங்கள் பாய்ந்து வந்து, தண்ணீரில் நின்ற பறக்கும் படகுகளையும் மிதவை விமானங்களையும் எரித்துவிட்டன.

கடல் விமானத் தளத்தின் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. தரையில் நிற்கும் விமானத்துக்கு மண் அரண் கட்டலாம், மர நிழலில் மறைக்கலாம். நடுநீரில் கட்டிப்போட்ட 40 மீட்டர் இறக்கையை எங்கே ஒளித்துவைப்பது? மேவிஸின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பாதுகாப்பும் கிடையாது. குண்டு பட்டால் சட்டென்று தீப்பிடிக்கும்.

கேள்வி: விமானங்கள் போன பிறகு அங்கிருந்த ஆட்கள் என்ன ஆனார்கள்?

என்னை மிகவும் பாதிக்கும் பகுதி இது. இரு தீவுகளிலும் இருந்த சுமார் 536 பேரில் காலாட்சண்டைக்குப் பயிற்சி பெற்ற கடற்படை வீரர்கள் ஐம்பது பேர்தான். முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் யோகோஹாமா விமானக் குழுவைச் சேர்ந்தவர்கள்: விமானிகள், மெக்கானிக்குகள், பராமரிப்பு ஆட்கள். மிச்சப் பேர் கட்டுமானத் தொழிலாளர்கள், அவர்களில் கொரியர்களும் உண்டு. கையில் ஸ்பேனர் பிடித்தவர்கள் பவளப்பாறைக் குகைகளுக்குள் துப்பாக்கியோடு உட்கார வேண்டியதாயிற்று. குழுத் தலைவர் கேப்டன் மியாசாகியும் அங்கேயே இறந்தார்.

அமெரிக்கத் தரப்பில் கவூட்டுவில் இறங்கியவர்கள் பாராசூட் படையினர், ஆனால் படகில்தான் வந்தார்கள். அப்புறம் இரு தீவுகளையும் இணைக்கும் குறுகலான கல்பாதை வழியாகவும் கடல் வழியாகவும் தனம்போகோவைத் தாக்கினார்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. ஜப்பானியத் தரப்பில் மிகச் சிலரே உயிரோடு பிடிபட்டார்கள்.

கேள்வி: அப்புறம் அந்தத் தளம் கைவிடப்பட்டதா?

இல்லை. பக்கத்து ஃப்ளோரிடா தீவின் ஹலாவோவில் அமெரிக்கர்களே பிறகு கேட்டலினாக்களுக்குத் தளம் அமைத்தார்கள்.

கேள்வி: இன்று ஒரு மேவிஸைப் பார்க்க முடியுமா?

முழு விமானமாக உலகில் எங்கும் இல்லை. ஆழத்தில் முக்குளிக்கத் தெரிந்தவர்கள் கவூட்டு அருகே கடலடியில் அதன் சிதைவுகளைப் பார்க்கலாம். அதற்கு அடுத்து வந்த எச்8கே வகையில் ஒன்று பசிபிக் கடலிலேயே உள்ள சூக் தீவுக் காயலின் அடியில் தலைகீழாகக் கிடக்கிறது. முழுதாகப் பிழைத்த ஒரே எச்8கே பல ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்து, 1979-இல் ஜப்பான் திரும்பியது. இப்போது கனோயா கடற்படை விமானத் தளத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.