உலகக் கோப்பை யாருக்கு? கோல் போடுவதைவிடக் கோல் விடாததைப் பாருங்கள்

கேள்வி: 2026 கால்பந்து உலகக் கோப்பையை யார் வெல்வார்கள் என்று எங்கள் நண்பர்களுக்குள் தினமும் வாக்குவாதம். கோல் அடிப்பதில் கெட்டிக்காரரான எர்லிங் ஹாலண்ட் இருப்பதால் நான் நார்வே என்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓர் அணிக்கு வாய்ப்பு உண்டா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நார்வேயைச் சொன்னதற்குச் சிரிக்க ஒன்றுமில்லை. தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டங்களிலும் வென்று 37 கோல் போட்ட அணி அது. இத்தாலியை இரண்டு முறையும் தோற்கடித்தது. ஆனால் தகுதிச் சுற்றுக் கோல்களை வைத்து உலகக் கோப்பையைக் கணிக்காதீர்கள். அங்கே பலவீனமான அணிகளோடும் ஆடுகிறார்கள். கோப்பையைத் தீர்மானிப்பது, தோற்றால் வெளியேற வேண்டிய நாக்அவுட் ஆட்டங்கள்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தற்காப்பு. 1998இல் பிரான்ஸ், 2006இல் இத்தாலி, 2010இல் ஸ்பெயின் மூன்றும் கோப்பையை வென்றபோது ஏழு ஆட்டங்களிலும் சேர்த்தே தலா 2 கோல்தான் வாங்கின. ஸ்பெயின் அந்தத் தொடர் முழுக்கப் போட்டதே 8 கோல். நாக்அவுட்டில் நான்கு ஆட்டங்களையும் 1-0 என்றே வென்றது. 2022இல் மொராக்கோ அரையிறுதி வரை போனதும் இப்படித்தான். அதுவரை அவர்கள் வாங்கிய ஒரே கோல், கனடாவுக்கு எதிராக அவர்களே போட்டுக்கொண்ட சேம் சைடு கோல்.

அடுத்தது, 90 நிமிடத்துக்குப் பிறகு அந்த அணி என்ன செய்யும் என்ற கேள்வி. பெரும்பாலான விவாதங்களில் இது வருவதே இல்லை. 1994 முதல் 2022 வரையிலான எட்டு இறுதி ஆட்டங்களில் மூன்றுதான் வழக்கமான நேரத்தில் முடிந்தன. இரண்டு கூடுதல் நேரத்துக்கும், மூன்று பெனால்டி ஷூட்அவுட்டுக்கும் போயின. 2014இல் ஜெர்மனியின் வெற்றி கோல் 113ஆவது நிமிடத்தில் வந்தது. பந்தைக் கொடுத்த ஷூர்லே, கோல் அடித்த கோட்சே இருவருமே மாற்று ஆட்டக்காரர்கள்.

அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய 2022 இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஆட்டம் 3-3. கூடுதல் நேரத்தின் 30 நிமிடமும் முடிந்து சில நிமிடம் ஆகிவிட்டது. பிரான்ஸின் கோலோ முவானி தன்னந்தனியாகக் கோல்கீப்பர் முன் நிற்கிறார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் கைகால்களை விரித்துக்கொண்டு பாய, பந்து அவர் இடது காலில் பட்டு விலகுகிறது. அது உள்ளே போயிருந்தால் மெஸ்ஸிக்குக் கோப்பை இல்லை. அந்தத் தொடரில் அர்ஜென்டினா 8 கோல் வாங்கியது. சாம்பியன் அணிக்கு இது அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டியது மார்ட்டினெஸும் இரண்டு ஷூட்அவுட் வெற்றிகளும். ஆகவே ஓர் அணியின் பெயரைச் சொல்கிறவரிடம் அதன் கோல்கீப்பர் யார், ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் யார் என்று கேளுங்கள். இம்முறை 48 அணிகள் ஆடுவதால் கோப்பைக்கு ஏழல்ல, எட்டு ஆட்டம் ஆட வேண்டும். பெஞ்சில் ஆள் இல்லாத அணி தாங்காது.

முதல் ஆட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2010இல் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடமும், 2022இல் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடமும் தோற்றுத்தான் தொடங்கின. தோற்றபின் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி அடுத்த ஆட்டத்திலேயே ஐந்து பேரை மாற்றினார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய வரலாற்றுக்கு ஓரளவுதான் மதிப்புக் கொடுப்பேன். 2022 வரை 22 கோப்பைகளை எட்டு நாடுகளே பகிர்ந்துகொண்டன; வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரும் வென்றதில்லை. பிரேசிலுக்கு இத்தாலியரான அன்செலோட்டியும், இங்கிலாந்துக்கு ஜெர்மானியரான டூகலும் பயிற்சியாளர்களாக இருப்பதால் இதை உங்கள் நண்பர்கள் கிளப்புவார்கள். இதற்காக அந்த இரு அணிகளையும் நான் ஒதுக்க மாட்டேன்.

என் வரிசையில் ஸ்பெயின் முதலில். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2024 தொடரில் ஏழு ஆட்டங்களையும் ஷூட்அவுட் இல்லாமலே வென்றார்கள். அடுத்து, தொடர்ந்து இரண்டு இறுதி ஆட்டங்களைக் கண்ட பிரான்ஸ். மூன்றாவது அர்ஜென்டினா, ஆனால் 1962இல் பிரேசிலுக்குப் பிறகு கோப்பையைத் தக்கவைத்தவர் யாருமில்லை. நார்வேயைக் காலிறுதி வரை நம்புவேன். 1998க்குப் பிறகு உலகக் கோப்பையே ஆடாத அணிக்கு, பிரான்ஸும் செனகலும் இருக்கும் குழு கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்தயம் கட்டுவதற்கு முன் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் தத்தம் குழுவில் முதலிடம் பிடித்தால் இறுதி ஆட்டத்தில்தான் சந்திக்க முடியும். ஆனால் ஸ்பெயின் தன் குழுவில் இருக்கும் உருகுவேக்குப் பின்னால் இரண்டாமிடம் வந்து, அர்ஜென்டினா முதலிடம் பிடித்தால், 32 அணிகள் ஆடும் முதல் நாக்அவுட் சுற்றிலேயே இரண்டும் மோத வேண்டியிருக்கும்.