காயடித்த கிடாய் ஏன் அடங்கவில்லை? ஹார்மோனும் மூளையும்: கேள்வி பதில்

ராமநாதபுரம் பக்கத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். இணைசேர்க்கை, ஹார்மோன் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், ஆட்டில் ஆரம்பித்து மீன் வரை போய்விட்டது. வந்தவற்றில் சில.

கேள்வி (கடலாடி): டாக்டர், செம்மறிக் கிடாயைக் காயடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பெட்டை மேல் ஏறுகிறது. சரியாக நசுங்கவில்லையா?

பெரும்பாலும் நசுங்கியிருக்கும். விதையின் வேலை நின்றதும் ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வேகமாகச் சரிந்துவிடும், ஆனால் நடத்தை அதே வேகத்தில் சரியாது. அந்த ஹார்மோன் வேலை செய்யும் முக்கிய இடம் மூளையின் அடிப்பக்கத்தில், ஹைப்போதலாமஸை ஒட்டிய பிரியாப்டிக் பகுதி. அங்குள்ள நரம்பு செல்களுக்குள் புகுந்து எந்த மரபணு ஓடவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதை மாற்றி, பெட்டையின் வாசனைக்கும் அது நிற்கும் விதத்துக்கும் அந்தச் செல்கள் சட்டென்று கிளர்ந்தெழும்படி வைக்கிறது. அப்படி மாறிய மூளை பழைய நிலைக்கு இறங்க வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள். முன்பே சேர்ந்து பழகிய கிடாய் என்றால் இன்னும் இழுக்கும். பூனைகளில் இதை 1950களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்: அனுபவப்பட்ட ஆண் பூனைகள் விதை எடுத்தபின்பும் வெகுநாள் தொடர்ந்தன, அனுபவம் இல்லாதவை அவ்வளவாகக் காட்டவில்லை.

விதையைத் தடவிப் பாருங்கள், சுருங்கிக்கொண்டு வந்தால் சரி. முதல் சில வாரம் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுவே சினைப்படுத்திவிடலாம், அதுவரை பட்டியில் பெட்டைகளோடு விடவேண்டாம்.

கேள்வி (கீழக்கரை): காக்கா, ஆண் ஹார்மோன் மூளைக்குள் போனதும் பெண் ஹார்மோனாக மாறுகிறது என்று ஒருத்தர் சொன்னார். சும்மா விடுகிறாரா?

இல்லை தம்பி, உண்மைதான். மூளையில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை எஸ்ட்ரடயோலாக, அதாவது எஸ்ட்ரஜன் வகைப் பெண் ஹார்மோனாக மாற்றும். விதை நீக்கிய ஆண் எலிக்கு எஸ்ட்ரடயோல் கொடுத்தாலே ஏறும் பழக்கம் பெருமளவு திரும்பிவிடுகிறது. எலிக்குட்டியின் மூளை ஆண் போக்கில் அமைவதிலும் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் தாயின் எஸ்ட்ரஜன் பெட்டைக் குட்டிகளையும் ஆண் போக்குக்குத் திருப்பிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். எலிக்குட்டி ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் அந்த எஸ்ட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மூளைக்கு விடுவதில்லை. ஆனால் எலிக் கதையை அப்படியே மனுசன் மேல் ஏற்றாதீர்கள். நமக்கும் குரங்குக்கும் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகச் செய்யும் வேலைதான் அதிகம்.

கேள்வி (பாம்பன்): அண்ணே, சின்னக் கலவா மீனில் சினை இருக்கிறது, பெருசை அறுத்தால் பெரும்பாலும் இல்லை. ஏன்?

பெருசு ஆணாக மாறியிருக்கும். கலவா இனங்களில் பல, முதலில் பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, பெருத்தபின் ஆணாகிறவை. பவளப்பாறையில் அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிருக்குள் ஒளிந்திருக்கும் கோமாளி மீன் இதற்குத் தலைகீழ். அங்கே பெரியது பெண், அது செத்தால் அதன் ஜோடி ஆண் பெண்ணாகும்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். கரீபியன் கடலில் நீலத்தலை மீன் என்று ஒன்று. கூட்டத்தின் பெரிய ஆணை எடுத்துவிட்டால், இருப்பதில் பெரிய பெண் சில நிமிடங்களிலேயே ஆண் மாதிரி மற்றதை விரட்டவும் பெண்களிடம் ஆட்டம் காட்டவும் தொடங்கிவிடுகிறது. சினைப்பையை முன்கூட்டியே அறுத்து எடுத்த பெண் மீன்களும் அதையே செய்தன! அதாவது ஆண் இல்லை என்பதைக் கண் பார்த்து மூளை முதலில் மாறுகிறது, சினைப்பை விதையாக மாறுவது நாள்கணக்கில் பின்னால் நடக்கிறது. ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் முதலாளி என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மீனைத்தான். உங்களுக்கு இன்னொன்று: பெருசாகப் பார்த்தே அள்ளிக்கொண்டிருந்தால் கலவாக் கூட்டத்தில் ஆணுக்குப் பஞ்சம் வரும்.

கேள்வி (பரமக்குடி): சேவலுக்குக் காயடித்தால் கூவாதா?

பெரும்பாலும் குறையும். கொண்டையும் சுருங்கும். 1849-இல் ஜெர்மனியில் பெர்தோல்டு என்பவர் எடுத்த விதையைச் சேவலின் வயிற்றுக்குள்ளேயே வேறிடத்தில் வைத்தார். கூவலும் சண்டையும் கோழி மேல் நாட்டமும் திரும்பின. பழைய நரம்புத் தொடர்பு இல்லாமலே நடந்ததால், ரத்தம் வழியாக ஏதோ போகிறது என்று தெரிந்தது.

கேள்வி (ராமநாதபுரம்): சார், வயது 24, ஜிம் போகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆசை கூடும் என்கிறார்கள்.

வேண்டாம். அளவு இயல்பாக இருப்பவருக்கு மேலே ஏற்றினால் ஆசையும் அதே கணக்கில் ஏறாது. மூளை விட்டு விட்டு ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை அனுப்பி, தன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக விதையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து ஊற்றினால், மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்பதுபோல அந்த உத்தரவு நின்றுவிடும். விதை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழுந்துபோகும். நிஜமாகவே குறைபாடு என்றால் ரத்தப் பரிசோதனையோடு மருத்துவரிடம் போங்கள், ஜிம்மில் விற்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி (திருப்புல்லாணி): டாக்டர், கோடையில் என் வெள்ளாடுகள் பருவத்துக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக் கிடாயைக் கொண்டுவந்து கட்டிய பிறகு நாலைந்து ஒன்றாக வருகின்றன. நாற்றத்தாலா?

ஆமாம்மா, அதில் நாற்றத்துக்குப் பெரிய பங்கு. கிடாயின் தலைமயிரிலிருந்து வரும் வாசனையில் 4-எத்தில் ஆக்டனல் என்ற பொருளை 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பெட்டையின் மூளையில் ஜிஎன்ஆர்எச் துடிப்பைக் கிளப்பிவிடுவது அது. காயடித்த கிடாய்க்கு அந்த வாசனை வராது. தீனி குறைந்து பருவம் நின்றுபோன மந்தையில் இது நன்றாகத் தெரியும், ஏற்கெனவே ஒழுங்காகப் பருவத்துக்கு வந்துகொண்டிருப்பவற்றில் அவ்வளவு தெரியாது.

கிடாயை ஒரு மாதம் கண்ணிலும் மூக்கிலும் படாத தூரத்தில் வைத்திருந்து பிறகு கொண்டுவாருங்கள். முதல் முட்டை வெளிவரும்போது சில ஆடுகள் அறிகுறியே காட்டாது, ஏனென்றால் முந்தைய பருவச் சுற்றின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பட்டுப் பதமாகாத மூளை எஸ்ட்ரஜனுக்குச் சரியாக அசைவதில்லை. அதனால் முதல் தடவை கிடாய்க்கு நிற்கவில்லை என்று சந்தைக்கு ஏற்றிவிடாதீர்கள், இன்னும் ஒரு 21 நாள் பாருங்கள்.