பாதிப் பெயர் பேட்ஜ்

கேள்வி: எங்கள் வரவேற்பறையில், வருபவர் டேப்லெட்டில் பெயரைப் பதிந்ததும் ஒட்டும் பேட்ஜ் தானாக அச்சாகும். புது ரோல் மாட்டியதிலிருந்து பாதிப் பெயர் ஒரு லேபிளிலும் மீதி அடுத்ததிலும் விழுகிறது. மை தீர்ந்துவிட்டதா?

பதில்: உங்களுடையது தெர்மல் பிரிண்டராகத்தான் இருக்கும். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் தாள் கறுக்கும், அவ்வளவுதான். நான் வரவேற்பு மேஜையில் இருந்தபோதும் இதே கூத்து நடந்தது. தலை இல்லாத பெயரை ஒட்டிக்கொண்டு ஒருவர் கூட்டத்துக்கே போய்விட்டார்! ரோலின் அளவு மாறியிருக்கும். லேபிளை ஸ்கேலால் அளந்து, அகலம் நீளம் இரண்டையும் செட்டிங்கில் திருத்துங்கள். அப்புறம் கேலிபரேஷன் (பிரிண்டரே லேபிளை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி) ஓட்டுங்கள். லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை சென்சார் அப்போதுதான் சரியாகப் பிடிக்கும். ஆமாம், மிச்ச ரோல்களை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.