வௌவால் வந்தால் அதிர்ஷ்டமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து தாத்தா கொண்டுவந்த குட்டிக் கண்ணாடிச் சீசா ஒன்று ஆச்சியின் பெட்டியில் கிடைத்தது. பால் வெள்ளைக் கண்ணாடியில் சிவப்பாக ஐந்து வாவலும் ஒரு பழமும் புடைத்து நிற்கின்றன. மூடியில் சின்னக் கரண்டி இருக்கிறது. இது என்ன? வாவலை ஏன் செதுக்கினார்கள்? எப்படிக் கழுவுவது?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: அது சீனத்து மூக்குப்பொடிச் சீசா. நம் பக்கம் பொடியை மட்டையிலும் டப்பாவிலும் வைத்தார்கள். சீனர்கள் ஈரம் ஏறாமல் இருக்கத் தக்கை அடைத்த சீசாவை எடுத்துக்கொண்டார்கள். பொடியை அள்ளத்தான் அந்தக் கரண்டி. பெய்ஜிங் அரண்மனையில் காங்சி பேரரசர் 1696இல் கண்ணாடிப் பட்டறை தொடங்கிய பிறகு இந்தக் கலை நன்றாக வளர்ந்தது.

வௌவாலுக்குக் காரணம் சிலேடை. சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே: 'ஃபூ'. சிவப்புக்குரிய 'ஹோங்', 'பெருகிய' என்ற பொருளுள்ள சொல்லைப் போலவே ஒலிக்கும். ஆகவே சிவப்பு வௌவால் என்றால் பெருகிய நற்பேறு. ஐந்து வௌவால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் பற்று, இயற்கையான முடிவு. பழம் பீச் என்றால் அதுவும் ஆயுளுக்கே. காளமேகத்தின் சிலேடையைக் காதால் ரசித்த நமக்கு, அதையே கண்ணாடியில் செதுக்கியிருப்பது பெரிய விருந்து. மீன் இருந்தால் 'மிச்சம், மிகுதி' என்று படியுங்கள். அங்கும் ஒலி ஒன்றுதான்.

இனி செதுக்கியதா, அச்சில் வார்த்ததா என்று பாருங்கள். ஊதிய வெள்ளைச் சீசாவை உருகிய சிவப்புக் கண்ணாடியில் தோய்த்து, மெல்ல ஆறவிட்டு, சுழலும் சக்கரத்தில் அரைப்புத் தூளும் நீரும் விட்டுச் சிவப்பை வேண்டாத இடத்தில் அரைத்தெடுப்பார்கள். இரண்டு கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஆறும்போதே விரிசல் விழும். எனவே நல்ல வேலையில் சிவப்பின் விளிம்பு கூர்மையாக நிற்கும், உருப்பெருக்கியில் அரைத்த கோடுகள் தெரியும். விளிம்பு மழுங்கி, பக்கவாட்டில் தையல் போல மேடு ஓடினால் அச்சு வார்ப்பு. அடியில் உள்ள அரசர் முத்திரையை வைத்து வயதை முடிவுசெய்யாதீர்கள். சியான்லோங் பேரரசரின் (ஆட்சி 1736–1795) பெயரைப் பிற்காலத்திலும் பொறித்திருக்கிறார்கள்.

கழுவும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உட்சுவரில் ஓவியம் இருந்தால் ஒரு சொட்டு நீரும் உள்ளே போகக்கூடாது. மேற்பரப்பில் வலை போல நுண்விரிசல் இருந்தாலும் நீர் வேண்டாம், மெல்லிய தூரிகை போதும். மற்றபடி வெதுவெதுப்பான நீரில் ஓரிரு சொட்டு லேசான சோப்பு, பஞ்சு, அவ்வளவுதான். நம்மூர் வெயிலில் ஜன்னலோரம் சூடேறிய சீசாவைக் குளிர்ந்த நீரில் நனைத்தால் வெடித்துவிடும்.

தக்கை இறுகியிருந்தால் திருகாதீர்கள். பழைய பொடி பிசின்போலப் பிடித்திருக்கும், திருகினால் கரண்டி உள்ளேயே முறியும். உள்ளே ஓவியம் இல்லாவிட்டால் மட்டும், தக்கையைச் சுற்றி ஈரப்பஞ்சு வைத்து, ஊறிய பின் நேராக, மெல்ல ஆட்டி இழுங்கள்.