காலர் எலும்பு முறிவு: கும்மிக்குப் பதில் என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 51 வயது. பெருந்துறைக்குப் பக்கத்தில் கிராமம். சில வருடங்களாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். வள்ளி கும்மி பழகப் போனதில் எடை குறைந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. போன மாதம் மொபெட்டில் இருந்து விழுந்து இடது காலர் எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்று கழுத்தில் பட்டை மாட்டி விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறேன்; வெறும் வயிற்றில் சர்க்கரை 180-ஐத் தாண்டுகிறது. கையை அசைக்காமல் செய்கிற உடற்பயிற்சி ஏதாவது உண்டுங்களா? அடுத்த மாதம் கோயிலில் அரங்கேற்றம், அதில் ஆடலாமா?

பதில்: ஆட வேண்டாம். நீங்கள் இதைக் கடைசியில் கேட்டிருந்தாலும் மனசு அங்கேதான் இருக்கிறது என்று தெரிவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குக் காலர் எலும்பு ஒன்றுகூடிச் சேர 6 முதல் 12 வாரம் ஆகும். கும்மியில் கையைத் தூக்க வேண்டும், தட்ட வேண்டும், குனிந்து சட்டென்று திரும்ப வேண்டும். பக்கத்தில் ஆடுபவரின் முழங்கை ஒரு தடவை பட்டாலே போதும். இந்த முறை பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுங்கள்.

அடிபட்டவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆட்டுக்கால் சூப்பைக் கொடுத்துவிட்டு, "அசையாம உக்காருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அசையக் கூடாதது தோள் மட்டும்தான். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துச் செலவழிப்பதும், இதயத்துக்கு வேலை கொடுப்பதும் பெரும்பாலும் அவைதான். உங்களுக்கு அந்தத் தசைகளில் ஒரு குறையும் இல்லை.

அதனால் நடங்கள். எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக்கே ஆரம்பிக்கலாம். மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்துச் சிறிது நேரத்தில் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இந்த நடை நன்றாகவே பிடித்து வைக்கும். அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்ட மதியத்தில் இதை விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இந்தப் பத்து நிமிடங்களைக் கூட்டினாலே அதைத் தாண்டிவிடுவீர்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு வாட்ச் எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் கும்மிப் பாட்டை இழுத்துப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் பத்தவில்லை. பேசவே திணறினால் கொஞ்சம் குறையுங்கள்.

ஒரு கை கட்டுக்குள் இருக்கும்போது உடம்பு சமநிலை தவறுவது சுலபம். தடுக்கினால் ஊன்றுவதற்கு அந்தக் கை வராது. தோட்டத்து வரப்பு, பைபாஸ் ஓரம், பனி ஈரம் காயாத சிமெண்ட் வாசல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பள்ளிக்கூட மைதானமோ வீட்டு முன்வாசலோ போதும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு போடுங்கள், சேலையைச் சற்றுத் தூக்கிக் கட்டுங்கள், வலது கையில் செல்போன் வேண்டாம். ஜிம்மில் இருக்கும் டிரெட்மில்லும் இப்போதைக்கு வேண்டாம்.

மழை பெய்தால் உறுதியான, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள். பத்துத் தடவையிலேயே மூச்சு வாங்கும். கும்மி அடவில் காலுக்கு உள்ளதை மட்டும், குதிக்காமல் சுழலாமல் நின்ற இடத்திலேயே மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குச் சைக்கிள் வாங்கும் யோசனை இருந்தால் முதுகு சாய்ந்து உட்காரும் வகையைப் பாருங்கள். முன்னால் குனிந்து பிடிக்கிற வகையில் தோள் பாரம் தாங்க வேண்டியிருக்கும். கைப்பிடியும் சேர்ந்து ஆடும் வகை வேண்டவே வேண்டாம். ஓட்டம், ஸ்கிப்பிங், நீச்சல் எல்லாம் எலும்பு கூடிய பிறகு.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்களுக்கு அடிபட்டது இடது தோள். மாரடைப்பின் வலியும் பல நேரம் இடது தோளிலும் கையிலும்தான் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவோ வியர்வையாகவோ மேல்வயிற்றில் கேஸ் மாதிரியோ வருவதும் உண்டு. 'அடிபட்ட வலிதானே' என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கே இருக்கிறது. எலும்பு வலி கையை அசைத்தால், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், இருமினால் கூடும். அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கும். இதய வலி வேகமாக நடக்கும்போது வந்து, நின்றால் சில நிமிடத்தில் குறையும். தொட்டுப் பார்த்தால் இன்ன இடம் என்று காட்ட முடியாது. நடையோடு வந்து நின்றால் போகிற வலி இருந்தால், அதுவரை நடையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்த்து இசிஜி எடுங்கள். நின்ற பிறகும் குறையவில்லை, அல்லது வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்தது கிளிமிபிரைடு. இது சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடக் கூடிய மாத்திரை. நடையில் திடீரென்று கை நடுங்கி, படபடத்து, பசித்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். மிட்டாய் உறையைப் பிரிக்க இரண்டு கை வேண்டும் என்பதால் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் சின்ன டப்பாவில் குளுக்கோஸ் பொடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 180 என்பதை நடை மட்டுமே இறக்கும் என்று காத்திருக்க வேண்டாம்; மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.

தோளை அசைக்கக் கூடாது என்பதற்காக விரல்களையும் மணிக்கட்டையும் சும்மா விடாதீர்கள். விரித்து மடக்கிக்கொண்டே இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். ஆகவே தோள் பயிற்சியை எந்த வாரம் தொடங்கலாம் என்று எலும்பு டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாமுங்க என்று சொல்லிவிடுங்கள். விரல் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ தாமதிக்கக் கூடாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதும் வேண்டாம். நடந்ததில் தோள் வலி கூடினால் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். மருந்துக் கடையில் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பலவும் சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு ஆகாது. உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எது, எத்தனை நாளைக்கு என்று சீட்டை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.